கத்தி வைப்பதற்கு முன் எடுத்த படங்கள்

எங்கள் பாலக்கோடு பக்கத்தில் கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை; உருண்டையாகக் கிள்ளி, கொள்ளுக் கடையலில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டு வந்த என் பெரியப்பா, சென்ற தை மாதத்தில், களி நெஞ்சிலேயே நிற்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். பங்குனியில் களி போய்க் கஞ்சி வந்தது. அதுவரை வயிற்றுப்புண் மாத்திரைகளிலேயே நாள் கழிந்தது. சித்திரையில் தருமபுரியில் எண்டோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தபோதுதான், உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது.

கட்டி இருக்கும் இடம்தான் தெரிந்துவிட்டதே, அறுத்து எடுக்காமல் ஸ்கேன்மேல் ஸ்கேன் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். அறுவை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மார்பையும் வயிற்றையும் திறந்து, உணவுக்குழாயை நீக்கி, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்து இணைக்கும் பெரிய அறுவை அது. நோய் ஏற்கெனவே தொலைவில் பரவியிருந்தால், அவ்வளவு வலியையும் தாங்கிய பிறகும் நோயாளிக்குப் பயன் இருக்காது.

முதலில் சி.டி. ஸ்கேன். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஓரிடத்தைக் காட்டினார். கட்டிக்கும் பெருந்தமனிக்கும் இடையே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அது கொழுப்பு, அந்தக் கோடு அழியாமல் இருப்பதால் கட்டி தமனியைப் பற்றியிருக்க வாய்ப்பில்லை என்றார். குடலுக்கு இருப்பது போன்ற வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது என்பதால், அண்டையிலுள்ள மூச்சுக்குழாயையும் தமனியையும் நோய் எளிதில் எட்டிவிடும். கல்லீரலிலும் நுரையீரலிலும் அந்தப் படத்தில் நோய் எதுவும் தெரியவில்லை.

ஆனால், கட்டி சுவரின் எத்தனையாவது அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதைச் சி.டி. சொல்லாது. அதற்கு எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்தி உள்ளிருந்து பார்க்கிறார்கள். வெளுப்பும் கறுப்புமாக ஐந்து அடுக்குகள் தெரிகின்றன. பெரியப்பாவின் கட்டி தசையடுக்கைத் தாண்டியிருந்தது. அதை டி3 என்றும், கட்டியருகே ஒரு நிணநீர்க் கணுவில் நோய் இருந்ததை என்1 என்றும் குறித்தார்கள்.

நோய் உடலில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று தேடும் பெட் ஸ்கேனுக்காக, விடியுமுன் வெறும் வயிற்றோடு ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குப் போனோம். அதற்காக ஊசியில் போடும், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை மருந்தின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் இருக்கச் சொன்னார்கள். புற்றுநோய் சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிர்வதுபோல, வேலை செய்யும் தசையும் இழுத்துக்கொள்ளும் அல்லவா! எதிர்ப்பட்டவரிடமெல்லாம் தக்காளி விலை பேசும் பெரியப்பா, போர்வைக்குள் கண்மூடிக் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

படத்தில், காறையெலும்புக்கு மேல், கழுத்தோரமாக, ஒரு சிறு நிணநீர்க் கணு ஒளிர்ந்தது. அது புற்றுநோய் என்றால் தொலைவில் பரவியதாகவே கணக்கு. அறுவைப் பேச்சே பெரும்பாலும் எழாது. அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, பெரியப்பாவுக்கு முன்பு காசநோய் இருந்ததா என்பது. இருந்தது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். காசநோய்க் கணுவும் அழற்சியும் இதே போல ஒளிரும் என்றும், நம் நாட்டில் பெட் படத்தை மட்டும் நம்பி ஒருவருக்கு அறுவை இல்லை என்று சொல்வது தவறு என்றும் அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்து, ஊசியால் நீர்த்துளி அளவு எடுத்துச் சோதித்ததில் புற்றணு இல்லை. அந்த ஓர் ஊசிதான் பெரியப்பாவை அறுவைக்கு உரியவர் பட்டியலில் நிறுத்தியது. இத்தகைய கணு யாருக்குத் தெரிந்தாலும், ஊசிச் சோதனை செய்தீர்களா என்று வீட்டார் தயங்காமல் கேட்க வேண்டும்.

டி3 என்பதால் நேரே அறுவைக்குப் போகவில்லை. கட்டியைச் சுருக்க, ஐந்து வாரம் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியிலேயே சிலருக்கு வேறிடத்தில் நோய் முளைத்துவிடுவதுண்டு என்பதால், மறுபடியும் ஒரு பெட் ஸ்கேன். இம்முறை எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவே முந்தின இரவு எட்டு மணிக்குக் கஞ்சியை முடித்துக்கொண்டு, பழைய படங்கள் இருந்த பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். மருத்துவர் புதிய படத்தைப் பழையதன் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தபிறகுதான் அறுவைக்கு நாள் குறித்தார்.