புன்னைக்காயலுக்கு நேரே ஒரு வெள்ளைக் கட்டம்

என் மனைவியின் அண்ணன், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் வள்ளம் வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு நாள் இரவில் விட்ட வலை விடியும்போது விட்ட இடத்தில் இல்லை. இரண்டு நாள் தேடி பாதிதான் கிடைத்தது. அந்த வாரம் பாளையங்கோட்டைக்கு வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல் கேட்டார்: "மாப்ள, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்னு நீங்க தட்டுத பொட்டியில முன்னாலயே பாத்துச் சொல்ல முடியாதா?"

நீவாடு என்றால் கடல் நீரோட்டம். நான் கணக்கு எழுதுகிறவன், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரியும், அந்தத் தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் மையம் அலை, காற்று, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு தருகிறது. எச்சரிக்கை வந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஓர் இடத்துக்கு மணிவாரியாக எண்கள். தேடியதில் ஐரோப்பியர்களின் கோப்பர்னிக்கஸ் மரைன் சேவை கிடைத்தது. பதிவு செய்துகொண்டால் காசில்லை. உலகக் கடல் முழுவதையும் ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அடுத்த 10 நாளுக்குக் கணித்து, தினமும் புதுப்பிக்கிறார்கள்.

முதல் நாள் எல்லையே கொடுக்காமல் இறக்கப் பார்த்தேன். மொத்த உலகமும் வரத் தொடங்கியது. வீட்டு இணையம் மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டேன். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டித் தர, அவர்களுடைய பைத்தான் கருவியில் 'சப்செட்' என்றொரு கட்டளை இருப்பது மறுநாள்தான் தெரிந்தது. தீர்க்கரேகை 78 முதல் 79 வரை, அட்சரேகை 8 முதல் 9 வரை, மேல்மட்டம் மட்டும், 10 நாள் என்று கேட்டேன். 13க்கு 13, 169 புள்ளிகள். கோப்பு அரை எம்பிகூட இல்லை. இதற்கா முந்தின நாள் அந்தப் பாடு!

அப்புறம் புன்னைக்காயலின் இடத்தைக் கொடுத்து, பக்கத்துப் புள்ளியின் மதிப்பை எடுக்கச் சொன்னேன். 'நேன்' என்று வந்தது. எண் இல்லை, வெற்றிடம் என்று அர்த்தம். மணியை மாற்றிப் பார்த்தேன், தேதியை மாற்றிப் பார்த்தேன், எல்லாம் நேன். நிரலில்தான் தப்பு என்று நினைத்து ஒரு சனிக்கிழமை முழுக்க அதையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் 169 புள்ளிகளையும் எக்செலில் கொட்டி, எண் உள்ளதற்கு நீலம், இல்லாததற்கு வெள்ளை என்று வண்ணம் அடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் என்று கணினி எடுத்த புள்ளி பழையகாயல் பக்கம், தரையில் விழுந்திருந்தது. அங்கே உப்பளம்தான் இருக்கிறது, நீவாடு எங்கிருந்து வரும்? 9 கிலோமீட்டர் கட்டத்தில் நம் முகத்துவாரம் ஒரு புள்ளிகூட ஆகாது. ஊரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரைக்குமே இரண்டு கட்டம் போட்டால் முடிந்துவிடும்.

தாளை அச்செடுத்து மச்சானிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு வெள்ளையிலயா மாப்ள கெடக்கு?" என்றார். பிறகு நீலத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டு, "நான் வலை விடுதது இங்கன" என்றார். கரையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர், தீர்க்கரேகை 78.25. முகத்துவாரத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது நான்தான். அவருக்கு வேண்டிய இடம் வேறு. கரையை ஒட்டிய கட்டத்தை விட்டுவிட்டு அந்தப் புள்ளியை எடுத்தேன், எண் வந்தது.

எண் வந்ததும் இன்னொரு குழப்பம். கோப்பில் நேரம் உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இவர் வள்ளம் தள்ளும் அதிகாலை 3 மணி அங்கே முந்தின நாள் இரவு 9.30. மணிக்கு ஒரு மதிப்புதான் இருப்பதால் 9க்கும் 10க்கும் நடுவே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் இதைக் கவனிக்காமல் வேறு நேரத்து எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் எடுத்த கோப்பில் ஓதம், அதாவது கடல் ஏற்றவற்றம், சேரவில்லை. ஓதத்தையும் அலை தள்ளும் இழுப்பையும் சேர்த்துக் கூட்டிய கோப்பு தனியாக இருக்கிறது, 'மெர்ஜ்டு' என்று பெயரில் வரும். தூத்துக்குடிப் பக்கம் ஓதம் ஒரு மீட்டரைத் தொடாது என்றாலும் அதையே எடுக்கத் தொடங்கினேன். அப்படியும் ஆற்று வாயில் நடப்பது அதில் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது உலகத்துக்கே போட்ட கணக்குக்கு எப்படித் தெரியும்? 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

பெரிய சண்டை திசையில்தான் வந்தது. கோப்பில் கிழக்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று என இரண்டு எண் இருக்கும். வடக்கு எண் கூட்டலில் இருந்தால் தண்ணீர் வடக்கு நோக்கிப் போகிறது. நான் 'வடக்கு, 0.25' என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். வினாடிக்குக் கால் மீட்டர், ஆறு மணி நேரத்தில் 5 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துவிடும். மச்சானுக்கோ வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று, கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. அதே கணக்கில் நீவாடும் வடக்கிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் போன் போட்டு, "ஒங்க பொட்டி தலைகீழால்லா சொல்லுது" என்று கத்தினார். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் இரண்டு பேரும் ஒரே திசையைத்தான் சொல்கிறோம் என்று தெரிந்தது.

இப்போது வடக்கு, தெற்கு என்று எழுதுவதே இல்லை. ஞாயிறு அவர்களுக்குத் தொழில் கிடையாது. திங்கள் அதிகாலைக்காக ஞாயிறு சாயங்காலம் கோப்பை இறக்கி, 'தூத்துக்குடி பக்கம் போகுது, லேசா' என்றோ 'திருச்செந்தூர் பக்கம் போகுது, இழுப்பு ஜாஸ்தி' என்றோ ஒரு வரி அனுப்புகிறேன். கடலுக்குள் போனதும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவரும் பார்த்துக்கொள்கிறார். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் 'சரிதான்' என்றோ 'இல்ல' என்றோ பதில் வரும். போன மாதம் நாலு வாரத்தில் மூன்று 'சரிதான்', ஒரு 'இல்ல'.