பாமினி ரியூட்டைப் போன் வாசிக்காது

பார்வையற்ற மாணவருக்கு ரியூட், அதாவது பாடக்குறிப்பு, அனுப்பப் போகிறீர்களா? முதலில், வாட்ஸ்அப்பில் வந்த ரியூட்டில் ஒரு வரியைப் பிரதி எடுத்து, செய்தி எழுதும் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே விழுந்தால் அது யுனிகோட், போனும் கணினியும் தமிழென்றே அறியும் எழுத்துமுறை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் பாமினி என்ற பழைய எழுத்துரு.

பாமினியில் ‘அம்மா’ கண்ணுக்கு மட்டும்தான் அம்மா. கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதைப் போனில் வாசித்துக் காட்டும் டாக்பேக் பாவம், உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். வளர்ந்த வயதில், போரின் செல்லடியில் பார்வை இழந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். அந்த வயதில் பிறெயில் விரலுக்கு இலேசில் பிடிபடாது. படிப்பு காதால்தான் ஏற வேண்டும். எத்தனை நல்ல செயலி வந்தாலும் ரியூட் பாமினியில் இருக்கும்வரை அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

வேர்ட் கோப்பு கையில் இருந்தால் யுனிகோட் மாற்றியில் போடலாம். முழுவதையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். இடையில் ஆங்கிலத்தில் உள்ள டி.என்.ஏ போன்ற சொற்களையும் அந்த மாற்றி தமிழென்று நினைத்துக் குதறிவிடும். ஸ்கான் செய்த பிடிஎஃப், புகைப்படம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்து பிரிந்து வரும். நிழல் விழாமல், தாள் வளையாமல் எடுத்த படமாக இருக்க வேண்டும். அப்படியும் ‘ர’வும் காலும் (ா) மாறும். வரலாறு என்றால் ஆண்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. வேர்டில் தலைப்புப் பாணி 1, 2 என்று வரிசையாகக் கொடுத்தால், கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர் எச் விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவுவார். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையில் ‘இதயத்தின் படம்’ என்று எழுதுவது ஏமாற்று வேலை. ‘வலது இதயவறையிலிருந்து குருதி நுரையீரலுக்குப் போகிறது’ என்று, பரீட்சையில் கேட்பதை எழுதுங்கள்.

கணிதம்தான் பெரிய தலையிடி. எக்ஸ் வர்க்கத்தைப் பல செயலிகள் ‘எக்ஸ் இரண்டு’ என்றே வாசிக்கும். கேட்பவர் இரண்டால் பெருக்கிவிடுவார். பின்னங்களில் பிரிகோடு எதுவரை நீள்கிறது என்பது காதுக்குத் தெரியாது. ‘ஏ சக பி, முழுவதும் சி ஆல் வகுக்க’ என்று சொல்லாகவும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

குரல்பதிவு அனுப்பினால் போதாதா என்பார்கள். 32 கேபிபிஎஸ் தரத்தில் பத்து நிமிட ஒலி ஏறத்தாழ 2.4 எம்பி. ஒரு பக்க யுனிகோட் உரை சில கேபிதான். சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலும் வந்து சேரும். அதோடு ஒலியில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எழுத்தெழுத்தாக நிறுத்திக் கேட்கவும் முடியாது. கூகுள் பேச்சுச் சேவையின் தமிழ்க் குரல் தரவை வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்தால், பிறகு டேட்டா இல்லாமலே வாசிக்கும்.

அனுப்புமுன் சத்த விசை இரண்டையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தி டாக்பேக்கைப் போடுங்கள். அது வேலை செய்யாவிட்டால் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் இருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பக்கம் கேளுங்கள்.