அறுபது பாஸ்புக், எத்தனை பேர்?

இந்த வாரம் மட்டும் இரண்டு ஜூனியர்கள் என் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலை சமூகப்பணி) ப்ராஜெக்ட்டின் கேள்வித்தாளைக் கேட்டு மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ‘பீடி சுற்றும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்பதுதான் தலைப்பு. புதுசு ஒன்றுமில்லை, திருநெல்வேலிப் பக்கம் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு நாலு பேராவது இதை எடுப்பார்கள், நானும் அதனால்தான் எடுத்தேன், முன்னால் எடுத்தவர்கள் நிறைய என்றால் முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் அத்தியாயம் தானாக நிரம்பிவிடும் இல்லையா. கேள்வித்தாளை அனுப்புவதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதை அப்படியே பிரிண்ட் போட்டுக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஊர் ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை, 2019 நவம்பரில்தான் பிரித்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையில் ஒரு சொளகு (முறம்), சொளகுக்குப் பின்னால் ஒரு பெண். இலையும் தூளும் நூலும் பீடிக்கடையில் வாங்கி வந்து, வீட்டில் சுற்றி, கட்டுக் கட்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்ததும் வாங்கியதும் பாஸ்புக் என்கிற கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

அந்த பாஸ்புக்தான் என் சாம்பிளுக்கு அடிப்படை. கடைக்காரரிடம் பாஸ்புக் வைத்திருப்பவர்கள் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், முழுப் பட்டியல் கையில் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்! சீட்டு எழுதி, டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி, அறுபது பேரை எடுத்தேன். லாட்டரி முறை. மெத்தடாலஜி அத்தியாயத்தில் இதை ஒரு பக்கத்துக்குப் பெருமையாக எழுதியும் வைத்தேன்.

முதல் அடி பைலட்டிலேயே, அதாவது சும்மா வெள்ளோட்டம் பார்க்கும்போதே விழுந்தது. ‘தினமும் எத்தனை மணி நேரம் பீடி சுற்றுகிறீர்கள்?’ நாலுக்குக் கீழே, நாலு முதல் ஆறு, ஆறு முதல் எட்டு, எட்டுக்கு மேல். கேட்டதும் ஒரு அக்கா சிரித்துவிட்டார். “உலை வச்சிட்டுச் சுத்துவேன், டிவி பாத்துக்கிட்டே சுத்துவேன், ராத்திரி கரண்டு போனா வாசல்ல உக்காந்து சுத்துவேன். இதுல நீ எதுல டிக் போடுவ?” எட்டுக்கு மேல் என்று டிக் போட்டேன், வேறென்ன செய்ய.

அப்புறம் பதினோராவது வீடு. பாஸ்புக்கில் பெயர் இருந்த ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போகிறேன். கழுத்து வலி உண்டா? “இப்ப இல்ல.” இருமல்? “அதும் இல்ல.” பரவாயில்லையே என்று எழுதிக்கொண்டேன். கேள்வித்தாள் முடிகிற நேரத்தில்தான், “நான் சுத்தி ரெண்டு வருசமாச்சும்மா, கண்ணு தெரியல, எம் மருமவ சுத்துதா” என்றார். வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தால், இருட்டில் கதவோரம் வெளிச்சம் விழுகிற ஒரு முழ இடத்தில் மருமகள் அக்கா மடியில் சொளகை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பாம், சுற்றி வைத்த பீடிகளுக்குத் தலை மடக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. அவர்கள் இருவரையும் நான் பார்க்கவே இல்லை.

கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த இலையை எடுத்து, தகரத்தை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, ஒரு சிட்டிகை தூளை நீளவாக்கில் பரப்பி, இரண்டு கை விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு, நகத்தால் முனையை மடக்கி நூலைச் சுற்றினால் ஒரு பீடி, நான் மூச்சு விட்டு இழுப்பதற்குள். நானும் முயற்சி செய்தேன். இருபது நிமிஷத்தில் மூன்று. மூன்றுமே கழிவு.

கழிவு என்றதும் ஞாபகம் வருகிறது, இலை. பீடி இலை நம் ஊரில் விளைவதில்லை, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. ஆயிரம் பீடிக்கு என்று கடையில் நிறுத்துக் கொடுக்கிற இலையில் கிழிசலும் ஓட்டையும் போக மிச்சம் ஆயிரத்துக்குக் காணாது, ஆனால் கணக்குக்கு ஆயிரம் கொடுத்தாக வேண்டும், அதனால் குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்குகிறார்கள். என் கேள்வித்தாளில் குடும்பச் செலவுக்கு ஒரு கட்டம் இருந்தது: உணவு, கல்வி, மருத்துவம், வாடகை, இதர. வேலை செய்வதற்காகவே தொழிலாளி காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருமகள் அக்கா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து, பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுகிறார், எல்லாமே மாமியார் பாஸ்புக்கில். “எக்கா, உங்க பேருக்கு ஒரு புக்கு கேக்கலாம்லா?” என்றதற்கு, “புதுசாப் போட மாட்டாவ” என்று முடித்துக்கொண்டார். காரணம் சட்டத்தைப் படித்தபோது எனக்கே புரிந்தது. அப்போது அமலில் இருந்த 1966-ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே மூலப்பொருள் வாங்கிப் போய் வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று இருந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1974-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வீட்டில் சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-ல் இன்னொரு தீர்ப்பு. ஆக, ஒரு பாஸ்புக் கூடினால் கம்பெனிக்கு ஒரு பொறுப்பு கூடுகிறது. ஒரே புத்தகத்தில் மூன்று பேர் சுற்றினால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? பீடி அதேதான் வருகிறது. 1976-ல் தொடங்கிய பீடித் தொழிலாளர் நல நிதியில் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப், வீடு கட்ட உதவி எல்லாம் அப்போது இருந்தது, அதற்கும் கையில் பீடித் தொழிலாளி என்ற அடையாள அட்டை வேண்டும். (அந்த நிதிக்காகப் பீடி மேல் வசூலித்த வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது போய்விட்டது, அது தனிக் கதை.) வீட்டில் இருந்து செய்யும் வேலைக்கென்று ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 1996-ல் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை.

நாற்பத்திரண்டு பேர் முடித்திருந்தேன். கைடு மேடத்திடம் போய், பாஸ்புக் பட்டியலை விட்டுவிட்டு வீட்டை ஒரு அலகாக எடுத்து, யாரெல்லாம் சுற்றுகிறார்களோ அத்தனை பேரிடமும் கேட்கிறேன் என்றேன். மேடம் முழுவதும் கேட்டார், நல்லவர்தான். “சொல்றது சரிம்மா. சினாப்சிஸ் போயாச்சு, இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. லிமிடேஷன்ல எழுதிடு.” ஆய்வின் குறைகளைச் சொல்லும் அந்தப் பகுதியில் எழுதினேன். ஆறு வரி. கோபம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அந்த நிலையில் நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, வயதுக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு உண்டா என்று கை-ஸ்கொயர் சோதனை பார்த்தால், குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று வந்தது. எப்படி வரும்? வயதானவர்களில் பலர் சுற்றுவதையே நிறுத்திவிட்டார்கள், வலி மருமகள்களின் கழுத்தில் இருக்கிறது, மருமகள்கள் என் எக்செல் ஷீட்டில் இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்த அட்டவணையைத்தான் நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேங்க்யூ சார் என்றேன். மார்க் விஷயத்தில் நான் அவ்வளவு பெரிய வீராங்கனை இல்லை.

பைண்டிங் செய்த காப்பியை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மருமகள் அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்து, “இதுல எம் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டார். யார் பெயரையும் போடக் கூடாது அக்கா, அதுதான் விதி என்று சொன்னேன். “சரி, இதுலயும் இல்ல” என்று சொல்லிவிட்டுச் சொளகை இழுத்துக்கொண்டார்.

ஜூனியர்களே, ஃபைலை இன்று ராத்திரி அனுப்புகிறேன். பழைய முதல் கேள்வி ‘உங்கள் வயது’. அதற்கு மேலே ‘இந்த வீட்டில் யார் யார் சுற்றுகிறார்கள், பாஸ்புக் யார் பெயரில்?’ என்று ஒன்று சேர்த்திருக்கிறேன், செலவுக் கட்டத்தில் வெளியில் வாங்கும் இலைக்கும் ஒரு வரி. மணி நேரக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.