மூன்று தோட்டா பொய் சொல்லும்

பிப்ரவரி 3

நான் உதிரி உதிரியாகச் சேர்த்துச் செய்யப்போகும் வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்ற வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. 6.5 கிரீட்மோர்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. வேட்டைக்கு எப்போதும் கூட வருபவர், வயதில் எனக்கு மூத்தவர். அவர் தோளில் தொங்குவது 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், 1962இல் வந்த தோட்டா. "அது இருக்கும்போது இது எதுக்குடா? முயல் அடிக்கப் போறியா?" என்றார். "உங்க துப்பாக்கி உதைக்கிற உதையில குண்டு எங்க போச்சுன்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களாண்ணே?" என்றேன். பதில் இல்லை.

எனக்கு முக்கியம் அதுதான். உதை குறைவாக இருந்தால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் மான் தெரியும். குண்டு எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடியது, இன்னொரு முறை சுட வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிய வேண்டியவை. 2007இல் ஹார்னடி என்ற தோட்டாக் கம்பெனி கிரீட்மோரைக் கொண்டுவந்தது இலக்குச் சுடுதலுக்காக. நீளமான, ஒல்லியான குண்டை வெடிமருந்துக்கான இடத்தைப் பிடுங்காமல் உட்காரவைக்கும்படி கூடு குட்டையாக வடிவமைக்கப்பட்டது. வேட்டைக்காரர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. 143 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடை அளவு) குண்டு விநாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பினால், 500 கஜத்தில் ஏறக்குறைய 2000 அடி மிச்சமிருக்கும். இந்த வகைக் குண்டு உடலுக்குள் நன்றாக விரிய 1800 அடியாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 500 கஜம் வரை மானுக்குத் தாராளம். அதற்கு மேல் நான் சுடப்போவதில்லை. ஆகவே மேக்னம் தேவையில்லை.

பிப்ரவரி 20

உதிரிகள் முடிவாகிவிட்டன. ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிச் சுடும் பாகம், ரெமிங்டன் 700 என்ற ரைஃபிளின் அளவில் செய்யப்பட்ட ஒன்று. அந்த அளவில் வாங்கினால் ஸ்டாக் (துப்பாக்கியின் உடல்கட்டை), டிரிகர், மேகசின் எதற்கும் அலைய வேண்டாம். குழல் 24 அங்குலம், துருப்பிடிக்காத எஃகு, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்புரி. நீளமான குண்டு தலைகுப்புறாமல் போக வேகமான சுழற்சி வேண்டும். கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் 1879இலேயே இதற்கு ஒரு வாய்பாடு போட்டுவிட்டார். இன்று அதைவிட நல்ல வாய்பாடுகள் உண்டு, ஆனால் சேதி அதேதான்: குண்டு நீள நீள சுழற்சி கூட வேண்டும்.

குழலின் கனத்தில்தான் மனசு ஊசலாடியது. தடித்த குழல் சுடுதளத்தில் சுகம், மலையேறும்போது தண்டனை. நடுத்தரத்தில் நின்றேன். ஸ்கோப்போடு சேர்த்து நாலேகால் கிலோவுக்குள் முடிக்க வேண்டும் என்பது என் வரம்பு.

ஸ்கோப்பில் கஞ்சத்தனம் காட்டவில்லை. உருப்பெருக்கத்தைவிட எனக்கு முக்கியம் திருகு. மில் என்பது கோணத்தை அளக்கும் சிறு அலகு. 3 மில் ஏற்றினால் சரியாக 3 மில் ஏற வேண்டும், திருப்பினால் பழைய ஜீரோவுக்கே, அதாவது குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி முதலில் வைத்த இடத்துக்கே, வந்து நிற்க வேண்டும்.

மார்ச் 11

பட்டறையில் பாதி நாள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை வெட்டும் வேலையைத் துப்பாக்கி செய்பவரான கன்ஸ்மித்திடம் ஒப்படைத்திருக்கிறேன். இதை வீட்டில் முயன்றுபார்க்கும் ஆசை எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. கிரீட்மோருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது என் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது.

லேத்தில் குழலை ஏற்றிவிட்டு, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் இண்டிகேட்டரின் முள் அசைவதை நிறுத்தவே மனிதர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அறையைக் குடையும் ரீமர் உள்ளே போனது கொஞ்ச நேரம்தான். சிறிது வெட்டுவார், வெளியே எடுப்பார், சுருள் சுருளாக ஒட்டியிருக்கும் எஃகுச் சீவலைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், மறுபடி உள்ளே. கடைசியில் அளவுக்கட்டைச் சோதனை. 'கோ' கட்டையை வைத்தபோது அறையை அடைக்கும் போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது. 'நோ-கோ' வைத்தபோது கைப்பிடி பாதியில் நின்றது. இரண்டுக்கும் நடுவே தலைமயிர் அளவு இடைவெளி. அந்த நிற்றலைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன்.

மார்ச் 25

பெடிங். ஆக்‌ஷனுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே எபாக்சி ஊற்றி, ஒன்றோடொன்று சந்து இல்லாமல் பொருந்தவைக்கும் வேலை. இதை மட்டும் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேரம் முழுக்க ஆயத்தத்தில்தான் போகிறது. திருகு ஓட்டைகளிலும் பள்ளங்களிலும் களிமண் அடைப்பது, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரீகாயில் லக்கின் முன்முகத்திலும் பக்கங்களிலும் அடியிலும் நாடா ஒட்டுவது. பின்முகத்தில் மட்டும் ஒட்டக்கூடாது, உதையை வாங்கி ஸ்டாக்கில் சாய்வது அந்த முகம்தான். பிறகு எபாக்சி படக்கூடிய உலோகம் எல்லாவற்றிலும் ஒட்டாமருந்து பூச வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனால் துப்பாக்கியும் ஸ்டாக்கும் ஆயுள் முழுக்கக் கல்யாணம் கட்டிக்கொள்ளும்.

மறுநாள் பிரித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே ஆக்‌ஷனின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, அடியில் செதுக்கியிருந்த எண்கள்கூட தலைகீழாகப் படிக்க முடிந்தது. மறுபடி பூட்டி, குழலில் இண்டிகேட்டர் வைத்து முன் திருகைத் தளர்த்தினேன். முள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை. ஸ்டாக் ஆக்‌ஷனை எந்தப் பக்கமும் வளைத்துப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஏப்ரல் 13

முதல் வெடி. கடைத் தோட்டாதான். ஸ்கோப்பை ஜீரோ செய்யவும், என் அறையின் அளவுக்கு விரிந்த பித்தளைக் கூடுகளைச் சேர்க்கவும்.

ஒன்று சுடு, துடை, ஒன்று சுடு, துடை என்ற குழல் பழக்கும் சடங்கைச் செய்யவில்லை. நல்ல குழலுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் புதுக் குழலில் முதல் நூறு, இருநூறு தோட்டாவுக்குள் வேகம் கொஞ்சம் ஏறிப் பிறகு நிலைப்பது வழக்கம். அதுவரைக்கும் எந்த வேகக் கணக்கையும் பேனாவால் எழுதக்கூடாது, பென்சில்தான்.

ஏப்ரல் 29

கூடுகள் தயார். அறையிலிருந்து வந்த கூட்டின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளினேன். அதற்கு மேல் தள்ளினால் பித்தளை ஒவ்வொரு முறையும் இழுபட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெலிந்து ஒருநாள் பிளந்துகொள்ளும். நீளம் 1.920 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நான் 1.910க்கு வெட்டிவைக்கிறேன். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைக் கூட்டின் அடியில் அழுத்தியதும் விரலால் தடவிப் பார்ப்பேன். கூட்டின் அடியைவிட இம்மியளவு உள்ளே இருக்க வேண்டும், மேடாகத் தட்டுப்பட்டால் அது தட்டில் ஏறாது.

என் மேஜையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். இன்னொன்று வேண்டுமென்றால் முதலாவது அலமாரிக்குப் போன பிறகுதான் வெளியே வரும். மருந்து போட்டு முடித்ததும் தட்டின் மேல் டார்ச்சைச் சாய்த்து அடிப்பேன். ஐம்பது கழுத்துக்குள்ளும் ஒரே உயரத்தில் சாம்பல் நிறக் குச்சிமணிகள் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் இருட்டாகவோ விளிம்பு வரைக்கும் நிறைந்தோ தெரிந்தால் தட்டு முழுக்கக் கொட்டப்படும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

எத்தனை கிரெய்ன் போடுகிறேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது என் குழலுக்கும் என் கூட்டுக்கும் இந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மருந்துக்கும் உள்ள கணக்கு. மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் போடும் புத்தகத்தில் தொடக்க அளவு இருக்கிறது. அங்கேயிருந்து ஆரம்பித்து மெல்ல ஏறுவதுதான் வழி.

மே 12

ஏணிச் சோதனை. மருந்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மூன்று தோட்டா. ஒவ்வொன்றாகச் சுட்டு போல்ட்டைத் தூக்கும்போது கை எப்படி உணர்கிறது என்று கவனித்தேன். கனமாகத் தூக்கினாலோ, கூட்டின் அடியில் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் அச்சு பளபளப்பாக விழுந்தாலோ, வேகம் புத்தகம் சொன்னதைத் தாண்டினாலோ அன்றைய வேலை முடிந்தது, மீதியைப் பிரித்துக் கொட்ட வேண்டியதுதான். அப்படி எதுவும் இல்லை.

நடுவில் ஓர் இடத்தில் அழகான சமதளம். அடுத்தடுத்த மூன்று அளவுகளுக்கு வேகம் ஏறக்குறைய ஒன்றே, குரூப்பும், அதாவது ஓட்டைகளின் பரவலும், அரை அங்குலத்துக்குள். "கண்டுபிடிச்சிட்டே, பூட்டு" என்றார் அண்ணன். குழலின் அதிர்வு அங்கே அடங்குகிறது என்று பலரும் சொல்லும் புண்ணிய இடம் இதுதான்.

நான் பூட்டவில்லை. அதே ஏணியை அப்படியே இன்னொரு முறை நிரப்பப்போகிறேன்.

மே 27

இரண்டாவது ஏணி. அதே கூடு, அதே மருந்து, அதே குண்டு, அதே வெயில். சமதளம் வந்தது, ஆனால் வேறு படியில்! போன முறை பொன்னாக இருந்த அளவு இந்த முறை ஒன்றேகால் அங்குலம் பரத்தியது.

இதில் மர்மம் ஏதுமில்லை, எண்ணிக்கைதான் போதவில்லை. துப்பாக்கியின் உண்மையான பரவல் மாறாமலே இருந்தாலும், பத்து தோட்டா குரூப் சராசரியாக மூன்று தோட்டா குரூப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலே விரியும். மூன்றிலேயே சில கொத்தாக விழும், சில சிதறும். பத்து படி வைத்து மூன்று மூன்றாகச் சுட்டால் ஏதோ ஒரு படி அழகாக விழுந்தே தீரும். அதைப் பிடித்துக்கொண்டு கும்பிடுகிறோம்.

வேகத்திலும் இதே கதை. ஐந்து தோட்டா சுட்டு திட்ட விலக்கம் (வேகம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 8 அடி என்று வேகமானி காட்டினால், உண்மையான எண் 5 ஆகவும் இருக்கலாம், 23 ஆகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கை வரம்பே அவ்வளவு அகலம். "என் தோட்டாவுக்கு விலக்கம் நாலுதான்" என்று யாராவது மார்தட்டினால், எத்தனை சுட்டீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அண்ணனிடம் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் இத்தனை வருஷமா சட்டைப்பையில வச்சிருக்கிற அந்த மூணு ஓட்டை அட்டை?" என்றார். "பத்திரமா வச்சிக்கோங்கண்ணே" என்றேன்.

ஜூன் 10

ஏணியை விட்டுவிட்டேன். அழுத்த அறிகுறிகளுக்கு நன்றாகக் கீழே, எனக்கு வேண்டிய 2700 அடியைச் சுற்றி வரும் ஓர் அளவை எடுத்து, பத்து பத்தாகச் சுட்டேன். குண்டை உட்காரவைக்கும் ஆழத்தை மாற்றிப் பார்த்தேன். வித்தியாசம் ஏதோ இருக்கலாம், பத்திலும் தெளிவாகத் தெரியவில்லை. குண்டை மாற்றியபோதுதான் அட்டை பேசியது. ஒரு கம்பெனிக் குண்டு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையவே இல்லை. இன்னொன்று அந்த நாள் முழுக்க ஓர் அங்குலத்தைத் தாண்டவில்லை. பெரிய மாற்றம் பெரிய உதிரியிலிருந்துதான் வருகிறது: குழல், குண்டு, மருந்தின் வகை. மருந்தைக் கால் கிரெய்ன் முன்னும் பின்னும் நகர்த்துவதில் பெரும்பாலும் நம் பொழுதுதான் போகிறது.

100 கஜத்தில் பத்து தோட்டாவுக்கு ஓர் அங்குலம். கோணக் கணக்கில் ஒரு நிமிடம் என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம். வேட்டைத் துப்பாக்கிக்கு இதற்கு மேல் கேட்பது பேராசை. தோட்டா வேலை இத்தோடு முடிந்தது.

ஜூன் 30

500 கஜம். அட்டவணைப்படி ஏறக்குறைய 3 மில் ஏற்றினேன், உயரம் இரும்புத் தகட்டில் சரியாக அமர்ந்தது. பக்கவாட்டில்தான் ரகளை.

என் வேக விலக்கத்தில் ஒரு தோட்டா சராசரியைவிட 20 அடி மெதுவாகப் போனால், இந்தத் தூரத்தில் அது ஓர் அங்குலம் தாழும். அதைக் குறைக்கத்தான் வாரக்கணக்கில் மேஜையில் குனிந்திருந்தோம். ஆனால் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இதே குண்டை இதே தூரத்தில் 15 அங்குலம் தள்ளுகிறது. அதாவது காற்றை ஒரு மைல் தப்பாகக் கணித்தாலே ஒன்றரை அங்குலம். நான் இன்று காலையில் மூன்று, நான்கு மைல் தப்பாகக் கணித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் புல் ஆடவே இல்லை. நடுவழியில் இருந்த சரிவில் கானல் வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. ஸ்கோப்பின் குவியத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் அது ஆற்றுநீர் மாதிரி தெரிகிறது. மதியத்துக்குள் அதைப் பார்த்துப் பிடிமானம் வைக்கப் பழகியதும் தகடு அடிக்கடி ஒலித்தது.

இனி மிச்சமிருக்கும் தோட்டாவெல்லாம் காற்றுக்குத்தான்.

ஜூலை 22

படுத்துச் சுடுவதை நிறுத்திவிட்டு, காட்டில் கிடைக்கும் நிலைகளில் சுட்டேன். பையின் மேல் சாய்த்துப் படுத்தால் பரவல் ஒன்றரைக் கோண நிமிடம். உட்கார்ந்து கவட்டைக் கம்பில் வைத்தால் இரண்டரை நிமிடம். கொஞ்ச தூரம் ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தால் அதை எழுதவே வேண்டாம்.

மானின் நெஞ்சுப் பகுதியை 8 அங்குல வட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டரை நிமிடத்துக்கு 300 கஜத்தில் ஏறக்குறைய 8 அங்குலம் ஆகிவிடும், காற்றுக்கு மிச்சமே இல்லை. ஆக உட்கார்ந்தால் 250. படுத்து, காற்று தெளிவாகத் தெரிந்தால் 400. இந்த இரண்டு எண்களையும் நாடாவில் எழுதி ஸ்டாக்கின் இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், உயர அட்டவணைக்குப் பக்கத்தில்.

துப்பாக்கிக்கு 500 கஜம் சுலபம். எனக்கு இல்லை. "அப்ப என் மேக்னமே போதும்தானடா" என்றார் அண்ணன். போதும்தான். ஆனால் அவரும் இன்று என் ரைஃபிளில் ஒரு பெட்டி காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தார்.

ஆகஸ்ட் 19

வருகிற பருவத்துக்கு வேண்டியதை ஒரே லாட் மருந்தில் நிரப்பி முடித்தேன். அதே லாட் எண்ணில் இன்னும் இரண்டு டப்பா வாங்கிவைத்திருக்கிறேன். லாட் மாறினால் மறுபடி கீழேயிருந்து ஏற வேண்டும்.

இப்போது வாரம் ஒரு தோட்டா மட்டும். குழல் குளிர்ந்திருக்கும்போது, வந்து இறங்கியதும், 250 கஜத்தில் உட்கார்ந்து ஒன்று. அட்டையில் தேதி போட்டு அதே அட்டையை அடுத்த வாரமும் மாட்டுகிறேன். வேட்டையில் கிடைப்பது அந்த முதல் குண்டுதான், அதற்கு மட்டும் ஒரு தனி குரூப் சேரட்டும். இதுவரை விழுந்ததில் ஒன்று வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அன்றைக்குக் காற்று இடமிருந்து வந்தது, நான் பிடித்தது போதவில்லை.