பரலோகம் பற்றி நான் நம்புவது

பரலோகம் என்றதும் பொன் வீதியையும் முத்து வாசல்களையும்தான் பலர் சொல்வார்கள். எனக்கு வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21:4தான் பெரிது. தேவனே அங்கே இருப்பவர்களுடைய கண்ணீரைத் துடைப்பாராம். தூதர்களை அனுப்பி அல்ல, தாமே. அழுத பிள்ளையின் முகத்தை அம்மா முந்தானையால் துடைப்பதுபோல.

அப்புறம், இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளன். ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, திருந்தி வாழ்ந்து காட்ட நேரமும் இல்லை. என்னை நினைத்தருளும் என்று மட்டும் கேட்டான். இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்றார் இயேசு. சுவிசேஷங்களை எழுதிய நால்வரில் லூக்கா மட்டுமே இதை எழுதி வைத்திருக்கிறார்.

தண்டிக்கக் காத்திருப்பவர் என்று சொல்லியே பிள்ளைகளைக் கடவுளிடம் பயப்பட வைக்கிறார்கள் சிலர். எனக்கு அதில் வருத்தம்தான். சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகன் தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனைத்தானே இயேசு தம் உவமையில் காட்டினார்? என் அப்பாவையும் கடவுள் அப்படித்தான் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று முழு மனதோடு நம்புகிறேன்.