காற்றில் போனது என்று சொன்ன காசு திரும்பி வந்தது

காசு திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்காக அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்பவும் நெஞ்சு கொதிக்கிறது. இதே சிக்கலில் நாளைக்கு யாரும் மாட்டலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, ஒரு விடியப்புறம் எஸ்.எம்.எஸ். வந்தது. என் டெபிட் கார்ட்டில் இருந்து அமெரிக்க டொலரில் ஒரு தொகை கழிந்திருந்தது. கடையின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்துக் கார்ட்டை நிறுத்தினேன். அது சுலபமாக முடிந்தது.

ஆஸ்பத்திரி வீதிக் கிளைக்குப் போனபிறகுதான் தலையிடி. கவுண்டரில் இருந்த தம்பி கார்ட்டை வாங்கி, அதில் இருந்த நாலு வளைகோட்டு அடையாளத்தை விரலால் காட்டினார்.

“அக்கா, இது தொட்டுக் கட்டுற கார்ட். கோயில் சனத்துக்க ஆரோ மெஷினைக் கிட்டக் கொண்டுவந்து இழுத்திருப்பினம். அதுக்கு பாங்க் பொறுப்பெடுக்காது. ஒரு கவர் வாங்கிப் போடுங்கோ.”

கணினியில் ஒன்றையும் பார்க்கவில்லை. முறைப்பாடு எழுதித் தருகிறேன் என்றதும், முதலில் பொலிஸ் என்ட்ரி வேண்டும் என்றார். பொலிஸுக்குப் போனால், வங்கியின் கடிதம் இல்லாமல் என்ட்ரி போட முடியாது என்றார்கள். திரும்பி வந்தால், என்ட்ரி இல்லாமல் கடிதம் தர முடியாதாம். வெயிலுக்குள் அங்கும் இங்குமாக ஒரு பகல் முழுக்க வீண்.

அன்றிரவு இருந்து இந்தக் கார்ட் எப்படி வேலை செய்கிறது என்று தேடி வாசித்தேன். கார்ட்டுக்குள் பற்றரி கிடையாது. மெஷினில் இருந்து வரும் 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைதான் சிப்புக்குச் சக்தி கொடுக்கிறது. அதுவும் சில சென்ரிமீற்றர் கிட்ட வந்தால்தான். ஒவ்வொரு முறை தொடும்போதும் சிப் புதிதாக ஒரு இரகசியக் குறியீட்டை உருவாக்கும். அது அந்த ஒரு கொடுக்கலுக்குத்தான் செல்லும், களவெடுத்துத் திரும்பப் பாவிக்க முடியாது. கடை மெஷினையே மறைத்துக்கொண்டு சனத்துக்குள் திரிந்தாலும், அந்த மெஷின் யாரோ ஒரு வியாபாரியின் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும். காசு அங்கேதான் போகும், ஆளைப் பிடித்துவிடலாம்.

ஆனால் தம்பி சொன்னதில் கொஞ்சமும் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். கிட்ட வந்தால் கார்ட் இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் வாசிக்கலாம். 2015இல் பிரிட்டனின் ‘விச்’ என்ற நுகர்வோர் அமைப்பு இப்படி வாசித்த விபரத்தை வைத்தே இணையத்தில் 3,000 பவுண் ரி.வி. ஒன்றுக்கு ஓடர் கொடுத்துக் காட்டியது. கார்ட்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் அலையில் வராது. அதைக் கேட்காத இணையக் கடைகள் இருப்பதுதான் ஓட்டை. அப்படிப் பார்த்தாலும், இலக்கம் காற்றில் போயிருந்தால் என்ன, ஏதோ ஒரு இணையத்தளத்தில் கசிந்திருந்தால் என்ன, போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை, அதாவது ஓ.ரி.பி.யைக் கேட்காமல் காசை விட்டது யார் என்பதுதானே கேள்வி?

இதற்கு விடை வங்கியிடமே இருக்கிறது. ஒவ்வொரு கொடுக்கலோடும் கார்ட் எந்த வழியாக வாசிக்கப்பட்டது என்று ஒரு குறியீடு பதிவாகும். சிப்பைச் செருகினால் 05, தொட்டுக் கட்டினால் 07, இணையம் என்றால் அதற்கு வேறொரு குறியீடு. அடுத்த நாள் கவுண்டருக்குப் போகவில்லை, நேரே முகாமையாளரிடம் போனேன். “சேர், இந்தக் கொடுக்கல் எந்த முறையில நடந்தது, ஓ.ரி.பி. போனதா, இது ரெண்டையும் எனக்கு எழுத்தில தாங்கோ” என்றேன். அவர் கொழும்பில் இருக்கும் கார்ட் பிரிவுக்கு என் முன்னாலேயே அழைத்தார். மறுமுனையில் சொல்லச் சொல்ல ஒரு துண்டில் குறித்தார்: இணையக் கொடுக்கல். ஓ.ரி.பி. இல்லை. தொட்டுக் கட்டியது இல்லவே இல்லை.

அந்தத் துண்டைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பிறகு படிவம், அடையாள அட்டைப் பிரதி, கையெழுத்து, காத்திருப்பு. பொலிஸ் என்ட்ரியை அதன்பிறகு யாருமே கேட்கவில்லை. கடைசியில் முழுத்தொகையும் கணக்குக்கு வந்தது.

கவர் வாங்குவதில் பிழை இல்லை. சமையலுக்குப் பாவிக்கும் அலுமினியத் தாளைச் சுற்றினாலும் அலை உள்ளே போகாது. ஆனால் இலக்கத்தைத் தட்டிப் போட்டு எடுக்கும் களவைக் கவர் தடுக்காது. அதனால் புதுக் கார்ட் வந்ததும் வங்கிச் செயலியில் இணையக் கொடுப்பனவை மூடிவிட்டேன். ஏதாவது வாங்கும்போது மட்டும் திறப்பேன். உங்கள் செயலியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எம்.எஸ். வரும் போன் இலக்கம் பழையதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

வங்கி அசையவே இல்லை என்றால் இலங்கை மத்திய வங்கிக்கு முறையிடலாம், இலக்கம் 1935. ஆனால் முதலில் உங்கள் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஆகவே வாய்ப்பேச்சோடு கிளையை விட்டு வெளியே வராதீர்கள். எழுத்தில் கொடுத்து, திகதியோடு முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.