டெஸ்மோப்ரெசின் எடுப்பவர்களின் தண்ணீர்க் கணக்கு

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் வராமல் போனால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. நாளுக்கு 3 லிட்டருக்கு மேல், சிலருக்கு 10 லிட்டர்கூட, நிறமே இல்லாத சிறுநீர் போகும். அந்த ஹார்மோனின் இடத்தில் நிற்கும் மருந்துதான் டெஸ்மோப்ரெசின்.

அளவில்தான் முதல் குழப்பம். மூக்கு ஸ்ப்ரே ஓர் அழுத்தத்துக்கு 10 மைக்ரோகிராம். மாத்திரையோ 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். குடலில் 1 சதவீதம்கூட உறிஞ்சப்படாததால்தான் இவ்வளவு வித்தியாசம். ஆகவே ஒன்று கிடைக்கவில்லை என்று மற்றொன்றைக் கடையில் கேட்டு வாங்கி அதே எண்ணிக்கையில் போடக்கூடாது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் ஸ்ப்ரே சரியாக ஏறாது. அந்த நாட்களுக்கு மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து தாகம் அல்ல, உடம்பில் தேங்கும் தண்ணீர். நல்ல பிட்யூட்டரி, ரத்தம் நீர்த்துப்போனால் தானாகவே சுரப்பை நிறுத்திக்கொள்ளும். மருந்துக்கு அது தெரியாது. பல மணி நேரம் சிறுநீரைக் குறைத்தே வைக்கும். பழக்கத்தில் சொம்பு சொம்பாகக் குடித்தால் ரத்தத்தில் உள்ள சோடியம் (உப்புச்சத்து) 135 mmol/L-க்குக் கீழே சரியும். தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. ஒரே நாளில் எடை 1 கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். அடுத்த வேளைக்கு முன் சிறுநீர் ஒருமுறை தாராளமாகப் போகட்டும், பிறகு மருந்து; இதை உங்கள் மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்வது மிக முக்கியம். வலி மாத்திரையான இபுப்ரோஃபென், வலிப்பு மருந்தான கார்பமஸெபைன், மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் போன்றவை சேர்ந்தால் சோடியம் இன்னும் எளிதாகச் சரியும்.

கார்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்தவர்களுக்கு, அதற்கு ஈடாக ஸ்டீராய்டு தொடங்கியபின் சிறுநீர் திடீரென்று கூடலாம். ஸ்டீராய்டின் தவறல்ல, அதுவரை மறைந்திருந்த வாசோப்ரெசின் குறைபாடு வெளியே வருகிறது.

இந்த நோயின் 'டயாபடிஸ் இன்சிபிடஸ்' என்ற பழைய பெயரைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று நினைத்து, வார்டில் இந்த மருந்தை விட்டுவிட்டதால் உயிர்கள் போயிருக்கின்றன. 2022-இல் பெயரை 'வாசோப்ரெசின் குறைபாடு' என்று மாற்றப் பரிந்துரைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாலும் மருந்து நிற்கக்கூடாது, ஊசியாகப் போடலாம். சேர்க்கைச் சீட்டின் மேலேயே இதை எழுதச் சொல்லுங்கள்.